டூர்க்ஹைம் ஒயின் திருவிழா: புதிதாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியின் தென்மேற்கில், ஹார்ட் மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது பாட் டூர்க்ஹைம். மக்கள்தொகை 20 ஆயிரத்தை எட்டாத இந்தச் சிற்றூருக்கு, ஒவ்வொரு செப்டம்பரிலும் இரண்டாவது, மூன்றாவது வார இறுதிகளையொட்டி நடக்கும் வுர்ஸ்ட்மார்க்ட் திருவிழாவின்போது மட்டும் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து போகிறார்கள். உலகிலேயே பெரிய ஒயின் திருவிழா இதுதான் என்பது ஊராரின் பெருமை. மன்ஹைம், லுட்விக்ஸ்ஹாஃபன், வால்டோர்ஃப் வட்டாரங்களில் வேலைக்கும் படிப்புக்கும் வந்திருக்கும் தமிழர்களுக்கு இது கூப்பிடு தூரம் என்பதால், நண்பர்களோடு ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று கிளம்புகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இரண்டு விதமான எதிர்பார்ப்புகளில் ஒன்றோடு போகிறார்கள். ஒன்று, மியூனிக்கின் அக்டோபர் பீர் விழாவைப் போல இருக்கும் என்பது. மற்றொன்று, நட்சத்திர விடுதிகளில் கோப்பையைச் சுழற்றி முகர்ந்து பார்க்கும் சடங்கைப் போல இருக்கும் என்பது. புதிதாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு எதிர்பார்ப்புகளிலிருந்துதான் பிறக்கின்றன.

விழாவின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஊருக்கு அருகிலுள்ள குன்றின் மேல் இருந்த புனித மிக்கேல் அதிதூதர் சிற்றாலயத்துக்கு, செப்டம்பர் 29ஆம் நாள் வரும் அவருடைய திருநாளையொட்டி யாத்திரிகர்கள் கூடினார்கள். அவர்களுக்கு விற்பதற்காகச் சுற்றுவட்டார உழவர்கள் ஒயினையும் உணவையும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். 1417இலிருந்தே இந்தச் சந்தையைப் பற்றிய பேச்சு ஏடுகளில் இருக்கிறது. சாசேஜ் சந்தை என்று பொருள்படும் வுர்ஸ்ட்மார்க்ட் என்ற இன்றைய பெயர் 19ஆம் நூற்றாண்டில்தான் ஒட்டிக்கொண்டது. அந்தத் தள்ளுவண்டிகளின் வழித்தோன்றல்களாக ஷுப்கார்ஷ் கடைகள் என்னும் 36 பந்தல்கள் இன்றும் நிற்கின்றன; குறுகலான நீண்ட மேசைகள், முதுகு சாய்க்க இடமில்லாத பலகைகள், தோளோடு தோள் உரசும் நெரிசல் ஆகியவைதான் அவற்றின் அடையாளம். ஆகவே இது கோயில் திருவிழாவை ஒட்டி வளர்ந்த ஊர்ச் சந்தையே அன்றி, ஒயின் விற்பனையாளர்கள் கூட்டிய கண்காட்சி அன்று. ராட்டினமும் பஞ்சுமிட்டாயும் ஒரு பக்கம் இரைந்துகொண்டிருப்பதைக் கண்டு முகம் சுளிப்பதும், பவேரியத் தோல் காற்சட்டையை வாடகைக்கு எடுத்து அணிந்துகொண்டு போவதும் ஒரே அளவு பொருத்தமற்றவை.

இத்தாலிய ஒயின் இருக்கிறதா, பிரெஞ்சு ஒயின் இருக்கிறதா என்று கடையில் கேட்பது அடுத்த தவறு. அவை இருக்காது. பக்கத்து ஊர் ஒயின்கூட இருக்காது. ஏனென்றால் பாட் டூர்க்ஹைம் எல்லைக்குள், அதைச் சேர்ந்த உங்ஸ்டைன், லைஸ்டாட் போன்ற சிற்றூர்களையும் உள்ளடக்கி, விளைந்த திராட்சையின் ஒயினைத்தான் இங்கே ஊற்றுவார்கள். இந்தக் கட்டுப்பாட்டை ஊர்ப்பற்றின் பிடிவாதம் என்று எளிதாகத் தள்ளிவிடலாம்; ஆனால் விழாவுக்கு இத்தனை காலம் உயிர் கொடுத்தது அதுதான் என்று நான் கருதுகிறேன். ஒரே மண்ணின் ஒயினை அடுத்தடுத்த கடைகளில் குடித்துப் பார்க்கும்போதுதான், அண்டைத் தோட்டக்காரர்கள் இருவரின் கைப்பக்குவம் எவ்வளவு வேறுபடுகிறது என்பது நாக்குக்குத் தெரியும். உங்ஸ்டைனில் வைல்பெர்க் என்னும் தோட்டச் சரிவில் ரோமானியர் காலத்துப் பண்ணை மாளிகை ஒன்று திராட்சை பிழியும் கூடத்தோடு 1981இல் வெளிப்பட்டது. இன்றும் அதைச் சுற்றிக் கொடிகள்தாம். அவ்வளவு பழைய தோட்டத்தின் விளைச்சல் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது வேறு நாட்டு ஒயினைத் தேடுவானேன்?

இனி, எல்லாவற்றிலும் பெரிய தவறைப் பார்க்கலாம்: அது குடிக்கும் அளவில் நடப்பது. ஃபால்ஸ் என்னும் இந்த வட்டாரத்தில் ஒயினை டுபேகிளாஸ் எனப்படும் கண்ணாடிக் குவளையில் தருகிறார்கள். மேலே அகன்று கீழே குறுகிச் செல்லும் அந்தக் குவளையின் உடம்பெங்கும் வட்ட வட்டமான குழிகள் இருக்கும். சந்தையில் இறைச்சி விற்றவர்களின் கொழுப்புப் படிந்த கை வழுக்காமலிருக்கவே குழிகள் வைத்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். குவளை கொள்ளும் அளவு அரை லிட்டர். அரை லிட்டர் என்றதும் பீர் குடித்துப் பழகியவரின் மனம் தானாகப் பீர்க் கணக்கைப் போட்டுவிடுகிறது. கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்ப்போம்: 5 சதவீதப் பீர் அரை லிட்டரில் 25 மில்லிலிட்டர் ஆல்கஹால் இருக்கிறது, 12 சதவீத ஒயின் அரை லிட்டரில் 60 மில்லிலிட்டர் இருக்கிறது. அதாவது, ஒரு குவளை ஒயினை ஒருவரே குடித்து முடித்தால், ஏறத்தாழ இரண்டரைப் பெரிய பீர் குடித்ததற்குச் சமம். வெயிலில் நின்று, வெறும் வயிற்றில், பீர் குடிக்கும் வேகத்தில் இரண்டு குவளை குடித்தவர் மாலை ஐந்து மணிக்கே பலகையில் தலை சாய்த்துக் கிடப்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஒயினோடு சோடாத் தண்ணீர் கலந்த ஷோர்லே இருக்கிறதே, அதைக் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று நினைப்பது இதே தவறின் இளைய சகோதரன். வேறு ஊர்களில் ஷோர்லே என்றால் பாதிக்குப் பாதி. ஃபால்ஸ்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் கொஞ்சம் கஞ்சத்தனம். பல கடைகளில் முக்கால் குவளை ஒயினாகவே இருக்கும். அப்படியானால் அதிலும் 45 மில்லிலிட்டர் ஆல்கஹால் வந்துவிடுகிறது. சோடாவின் குளிர்ச்சியும் குமிழியும் அதை மோர் போல மளமளவென்று இறங்க வைத்துவிடும் என்பதுதான் ஆபத்து. இதற்கு நேர் எதிர்த்திசையில் இன்னொரு தவறும் உண்டு: ஒயினில் தண்ணீர் கலப்பது ஒயினை அவமதிப்பது என்று எங்கோ படித்துவிட்டு, ஷோர்லே குடிப்பவரை ஏளனமாகப் பார்ப்பது. ஒயின் தயாரிப்பவரே தன் தோட்ட ஒயினில் சோடா ஊற்றிக் குடிக்கும் ஊர் அது.

அப்படியானால் அந்த அரை லிட்டரை உள்ளூர்க்காரர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவர் ஒரு குவளை வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு, பக்கத்திலிருப்பவரிடம் நகர்த்துவார். அது மேசையைச் சுற்றி வரும். தீர்ந்ததும் இன்னொருவர் எழுந்து போய் அடுத்ததை வாங்கி வருவார். ஷுப்கார்ஷ் கடையின் மேசையில் உட்கார்ந்த கால் மணி நேரத்தில், முன்பின் அறியாத ஒருவர் தம் குவளையை உங்கள் பக்கம் நீட்டக்கூடும். எச்சில் பார்த்து, சொம்புத் தண்ணீரையும் அண்ணாந்து குடித்து வளர்ந்த நமக்கு இது தூக்கிவாரிப் போடுகிற காட்சிதான். வாங்கிக் குடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. உங்கள் குவளையை உயர்த்தி, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து, ‘சும் வோல்’ என்று வாழ்த்தினாலே போதும், நீட்டியவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்வதும், உட்கார்ந்த இடத்தில் நண்பர்களுக்குள் மட்டுமே வட்டம் கட்டிப் பேசிக்கொண்டிருப்பதும் அந்த மேசையின் இயல்புக்கு ஒவ்வாதவை. இடம் இல்லையே என்று ஓரமாக நிற்பதும் தேவையற்றது. கேட்டால் எல்லோரும் ஒரு விரற்கடை நகர்ந்து கொடுப்பார்கள்.

குடிக்காதவர்கள் போகவே கூடாது என்று எண்ணிக்கொள்வதும் தவறுதான். அதே தோட்டங்களின் திராட்சைச் சாறு கிடைக்கும், அதற்கும் சோடா கலந்த ஷோர்லே உண்டு. குடும்பத்தோடு போகிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: ஜெர்மானியச் சட்டப்படி ஒயினும் பீரும் 16 வயதிலிருந்து வாங்கலாம் என்பதால், உடன் வரும் பிள்ளையிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது வீட்டுக்கு நல்லது.

சுவையைப் பற்றிய தவறுகள் தனி வகை. ஜெர்மன் ஒயின் என்றாலே தித்திப்பு என்ற பழைய எண்ணத்தோடு ரீஸ்லிங் என்னும் வெள்ளை ஒயினின் முதல் குவளையை வாயில் வைக்கிறவர், நெல்லிக்காயைக் கடித்தவர் போல முகம் கோணுவதைப் பார்க்கலாம். இன்றைக்கு ஃபால்ஸில் பெரும்பகுதி ஒயின் ட்ரோக்கன், அதாவது சர்க்கரை குறைந்தது. லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம். ரீஸ்லிங்கின் இயல்பான புளிப்பு அதில் மறைய இடமில்லை. கொஞ்சம் இனிப்பு வேண்டுமானால் 18 கிராம் வரை அனுமதிக்கும் ஹால்ப்ட்ரோக்கன், நன்றாகவே இனிக்க வேண்டுமானால் 45 கிராம் வரை செல்லும் லீப்லிஷ் என்று கேட்டு வாங்கலாம். ரோஜா மணம் வீசும் கெவூர்ட்ஸ்ட்ராமினர் புதியவர்களுக்கு எளிதில் பிடித்துப்போகும். பட்டியலில் ஷ்பேட்லேசே என்று கண்டதும் இனிப்பு என்று முடிவு கட்டிவிடக் கூடாது; அந்தச் சொல் அறுவடையின்போது திராட்சை எவ்வளவு பழுத்திருந்தது என்பதைக் குறிக்கிறதே தவிர, புட்டியில் எவ்வளவு சர்க்கரை மிச்சமிருக்கிறது என்பதை அன்று. வெள்ளை ஒயின் நாட்டில் சிவப்பு எதற்கு என்று ஒதுக்குவதும் இழப்பே. ஃபால்ஸ் தோட்டங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிவப்புத் திராட்சைதான். 1955இல் வைன்ஸ்பெர்க் ஆய்வு நிலையத்தில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட டோர்ன்ஃபெல்டர் இங்கே மிகச் செழிப்பாக விளைகிறது. மசியைப் போன்ற அடர்ந்த நிறமும் மென்மையான சுவையும் கொண்ட அது, புளிப்புக்கு அஞ்சுகிறவர்களுக்கு ஏற்றது.

நிதானமாகச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள், சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஷுப்கார்ஷ் பந்தலுக்குள் நுழைந்துவிட்டு, இங்கே எதையும் ரசிக்க முடியவில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை. அவர்களுக்கென்றே அதே திடலில் ஒயின் கிராமம் என்ற அமைதியான பகுதி இருக்கிறது. வேலை நாளின் பிற்பகலும் நல்ல நேரம். மொழி ஓரளவு கைவந்தவர்கள் இரண்டாவது வாரத்துத் திங்கட்கிழமை முற்பகலில் நடக்கும் வட்டார வழக்குக் கவிதை நிகழ்ச்சிக்குப் போகலாம். பாதி புரியாது, ஆனால் சுற்றியிருப்பவர்கள் சிரிப்பது தொற்றிக்கொள்ளும்.

உணவில் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, சாப்பிட்ட பிறகே குடிக்கத் தொடங்க வேண்டும். இரண்டாவது, இங்கே இறைச்சி என்றால் பெரும்பாலும் பன்றி இறைச்சி. பன்றியின் இரைப்பைக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் மசாலாவும் அடைத்து வேகவைத்து, வட்டமாக நறுக்கி வறுத்துத் தரும் ஸாவ்மாகன் இந்த வட்டாரத்தின் தனிச்சிறப்பு. முன்னாள் அதிபர் ஹெல்முட் கோல் தம்மைப் பார்க்க வந்த உலகத் தலைவர்களுக்கு அதைப் பரிமாறியே புகழ்பெறச் செய்தார். சைவம் உண்பவர்கள் வெங்காய அடையைப் பார்த்ததும் நிம்மதியடைந்துவிடக் கூடாது. அதில் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் தூவியிருப்பது வழக்கம், கேட்டுக்கொள்ள வேண்டும். வேகவைத்த உருளைக்கிழங்கோடு தரும் மூலிகை கலந்த வெண்பாலாடைக்கட்டியும், அடிப்பக்கம் உப்பும் எண்ணெயுமாக மொறுமொறுவென்று சிவந்து, மேலே பஞ்சாக இருக்கும் டாம்ப்ஃப்நூடல் என்னும் ஆவி ரொட்டியும் கவலையின்றி உண்ணத் தக்கவை.

திடலருகே நிற்கும் மாபெரும் மரப்பீப்பாயில் ஒயின் நிரம்பியிருக்கிறது என்று நம்பிப் படமெடுத்து அனுப்புகிறவர்களுக்காக ஒரு வரி: 1934இல் கட்டப்பட்ட அதன் கொள்ளளவு 17 இலட்சம் லிட்டர் என்றாலும், அதற்குள் இருப்பது உணவகம்.

பயணத்தில் செய்யும் தவறு மட்டும் பணத்தோடு போகாது. மன்ஹைமிலிருந்து லுட்விக்ஸ்ஹாஃபன் வழியாக ட்ராம் நேராக பாட் டூர்க்ஹைமுக்கே வருகிறது. நொய்ஸ்டாட்டிலிருந்து ரயில் உண்டு. அப்படியிருந்தும் காரில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். இரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.5 பங்கு ஆல்கஹால் என்பது சட்ட வரம்பு. 21 வயது நிரம்பாதவர்களுக்கும், உரிமம் பெற்று ஈராண்டு சோதனைக் காலத்தில் இருப்பவர்களுக்கும் வரம்பு சுழியம். முதல் முறை பிடிபட்டாலே 500 யூரோ அபராதம், ஒரு மாதம் ஓட்டத் தடை. மின் ஸ்கூட்டர்தானே, விளையாட்டுச் சாமான்தானே என்று அதில் ஏறி ரயில் நிலையத்துக்குப் போவது மிகப் பரவலான தவறு. சட்டம் அதற்கும் காருக்கான அதே வரம்பைத்தான் வைத்திருக்கிறது. இரவு தூங்கி எழுந்துவிட்டால் எல்லாம் சரி என்பதும் தவறு. உடம்பு மணிக்கு ஏறத்தாழ 0.1 முதல் 0.15 வரைதான் குறைக்கும் என்பதால், நள்ளிரவில் 1.2 இருந்தவர் காலை ஆறு மணிக்கும் வரம்பைத் தாண்டியவராக இருக்கக்கூடும்.

கடைசியாக, வாங்கிக்கொண்டு திரும்புவது. குவளைக்குப் பெரும்பாலும் முன்பணம் பிடிப்பார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் கிடைக்கும், வீட்டுக்கு வேண்டுமானால் முன்பணத்தை விட்டுவிடலாம். பிடித்த ஒயினைத் தோட்டத்திலேயே வாங்கலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்டுவது நல்லதன்று. விழா நடக்கும் அதே நாட்களில்தான் அறுவடையும் நடக்கிறது, வீட்டிலுள்ளவர்கள் பகலில் தோட்டத்திலும் மாலையில் பிழிகூடத்திலும் இருப்பார்கள். தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொண்டு போவதே முறை. அல்லது ஊரின் உற்பத்தியாளர் கூட்டுறவுக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

அந்தப் பருவத்தில் மட்டும் கிடைக்கும் ஃபெடர்வைசர் என்னும் புது ஒயினைச் சாதாரணப் புட்டியைப் போலக் கையாளக் கூடாது. அது இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும் திராட்சைச் சாறு. கலங்கலாக, இனிப்பாக, நாக்கில் சுறுசுறுவென்று இருக்கும், நாளாக ஆக இனிப்பு குறைந்து ஆல்கஹால் ஏறும். உள்ளே உண்டாகும் வாயு வெளியேற வேண்டும் என்பதற்காகவே மூடியைத் தளர்வாக வைத்து விற்கிறார்கள். அது கசிகிறதே என்று இறுக்கி மூடினால் புட்டி வெடிக்கலாம். பையில் படுக்க வைத்தால் மடிக்கணினி நனையும். ட்ராமில் மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்து, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் நிற்க வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் குடித்து முடித்துவிட வேண்டும்.