இமயமலை ஓக்: பெயரிலேயே தொடங்கும் தவறுகள்

போன மாதம் உத்தராகண்டிலிருந்து வந்த ஓக் மாதிரிகளை இரண்டு மாணவர்கள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். 15 வருடத்துக்கு முன் நான் அடித்த அதே கூத்து. இலையை உலர்த்துவது, சீட்டு ஒட்டுவதெல்லாம் யாரும் சொல்லித்தருவார்கள், அதை விடுகிறேன்.

பெயரைப் பாதியில் வெட்டுவது

உத்தராகண்டின் குமாவூன் பகுதியில் வளரும் பாஞ்ச் என்ற ஓக் மரத்துக்குப் பழைய சீட்டுகளில் குவர்கஸ் இன்கானா என்றிருக்கும் (குவர்கஸ் என்பது ஓக் பேரினம்). தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் வைத்த பெயர். ஆனால் அவருக்கு முன்பே வில்லியம் பார்ட்ராம் அதே பெயரை அமெரிக்காவின் தென்கிழக்கில், மணற்பாங்கான நிலத்தில் வளரும் வேறொரு ஓக்குக்கு வைத்துவிட்டார். முந்தியவருக்கே பெயர் என்பது விதி. அதனால் பாஞ்ச், குவர்கஸ் லியூகோட்ரைகோஃபோரா ஆனது.

நான் பரவல் வரைபடம் போட்டபோது, பெயருக்குப் பின்னால் வரும் ஆசிரியர் சுருக்கம், அதாவது பெயர் வைத்தவர் யார் என்ற குறிப்பு, இடத்தை அடைக்கிறதே என்று அந்தப் பத்தியையே பட்டியலிலிருந்து அழித்தேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் ஃபுளோரிடாவும் நைனிதாலும் ஒரே நிறப் புள்ளிகள்! முதலில் சிரிப்பு வந்தது. நகல் எடுத்து வைக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. ஒவ்வொரு சீட்டாகத் திரும்பப் பார்த்து முடிக்க நாலு மாதம்.

இத்தனைக்கும் இரண்டும் நெருங்கிய பங்காளிகள்கூட இல்லை. அமெரிக்க மரம் சிவப்பு ஓக் பிரிவு. அந்தப் பிரிவு அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக எங்கும் கிடையாது. பாஞ்ச் சேர்ந்த ஐலெக்ஸ் பிரிவோ ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா பக்கத்தோடு சரி. 2017-இல் வந்த வகைப்பாடு இவற்றை வெவ்வேறு துணைப்பேரினங்களிலேயே வைக்கிறது. இது மனதில் இருந்திருந்தால் முதல் புள்ளியிலேயே சந்தேகம் தட்டியிருக்கும். இன்றும் யாராவது “ஆத்தர் பேரை எடுத்துடலாமா சார்?” என்று கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது.

ஒற்றை இலையை நம்புவது

கர்சு என்ற இன்னொரு இமயமலை ஓக்கில் இளங்கன்றின் இலை முள்முள்ளாக இருக்கும். முதிர்ந்த மரத்தில் விளிம்பில் முள்ளே இராது. சேராங்கொட்டை இலையைப் போல இருப்பதால்தான் செமிகார்பிஃபோலியா என்ற பெயர். இரண்டையும் தனித்தனி இனமாக எழுதாதீர்கள். பாஞ்சுக்கு இலையைத் திருப்பிப் பாருங்கள்: அடிப்பக்கம் சாம்பல் வெள்ளை. ரியாஞ்ச் என்ற ஓக்குக்கு அங்கே துருநிறக் கம்பளி போன்ற மயிர்.

உயரத்தைக் குறிக்காதது

பாஞ்ச் ஏறத்தாழ 1200 முதல் 2300 மீட்டர். கர்சு அதற்கும் மேலே. உயரம் எழுதாத சீட்டு பாதிச் சீட்டு.

சில்வர் ஓக்

ஓக் அல்ல. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிற்பது ஆஸ்திரேலியாவின் கிரெவில்லியா என்ற வேறு மரம்.