"நடிக்கிறான்" என்று சொல்வதற்கு முன்: குழந்தைப் பல் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பீடோ போஸ்டிங்குக்கு, அதாவது குழந்தைப் பல் பிரிவில் பயிற்சிக்கு, வரும் ஒவ்வொரு பேட்சும் அதே தவறுகளைத்தான் செய்கிறது. அந்தக் காலத்தில் நாங்களும் செய்தவைதான். சிரித்த முகமாக இருங்கள், டிவியில் கார்ட்டூன் போடுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

அனுமதி கேட்பது

"வாயைத் திறக்கிறியா கண்ணா?" "மாட்டேன்." அவ்வளவுதான், அடுத்து என்ன செய்வீர்கள்? "மேல் பல்லை முதல்ல எண்ணட்டுமா, கீழ்ப் பல்லையா?" என்று கேளுங்கள்.

மரப்பு ஜெல் தடவிய கையோடு ஊசி குத்துவது

ஈறைத் துடைத்துக் காயவைத்துத் தடவி, முழுசாக ஒரு நிமிடம் விடுங்கள். எச்சில் மேல் தடவினால் நாக்குதான் மரக்கும்.

"அது வலி இல்ல, அழுத்தம்தான்"

எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு எரிச்சல் வருகிற வாக்கியம் இது. போன மாதம் ஐந்து வயதுப் பையன் ஒருவன், கீழ்க் கடைவாயில் பல்ப்பெக்டமி (பால் பல்லின் வேர் சிகிச்சை). ஹவுஸ் சர்ஜன் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் தொடங்கினார். சொல்லு, காட்டு, செய் என்று 1959-ல் பல் மருத்துவர் ஆடல்ஸ்டன் எழுதிய முறைப்படி, பல்லைக் குடையும் ஏரோட்டரை நகத்தின் மேல் ஓட்டிக் காட்டினார். "வலிச்சா இடது கையைத் தூக்கு, நிறுத்திடுறேன்" என்றும் சொன்னார். அதன் பர் (குடையும் முனை) பல்லுக்கு உள்ளே போனதும் கை மேலே போனது. அவர் நிறுத்தவில்லை. "அழுத்தம்தான் தம்பி, இன்னும் கொஞ்சம்." அப்புறம் என்னிடம் திரும்பி, "நடிக்கிறான் மேடம்."

நடிக்கவில்லை. பிளாக், அதாவது நரம்பை மரக்கவைக்கும் ஊசி, சரியாக விழவில்லை. கீழ்த்தாடை நரம்பு எலும்புக்குள் நுழையும் துளை, பெரியவர்களுக்குக் கீழ்ப் பற்களின் கடிபரப்புக்கு மேலே இருக்கும். சின்னக் குழந்தைகளுக்குக் கடிபரப்பை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். அவர் பெரியவர்களுக்குப் போடும் உயரத்திலேயே ஊசியைப் பிடித்திருந்தார். இடம் சரியாக இருந்தாலும், அழற்சியில் திசு அமிலமாகிவிட்டால் மரப்பு மருந்தான லிக்னோகெயின் பாதிதான் வேலை செய்யும். அதற்கும் குழந்தை பொறுப்பில்லை.

"மரத்துடுச்சா?" என்று கேட்டுப் பயனில்லை. ஐந்து வயசுக்கு அது என்ன தெரியும்? "உதடு குண்டாயிடுச்சா?" என்று கேட்டு, புரோபால் (கூர்முனைக் கருவி) ஈறை மெல்லக் குத்தும்போது கண்ணைப் பாருங்கள். புருவம் சுருங்கினால் இன்னும் காத்திருங்கள், அப்போதும் சுருங்கினால் மறுபடி ஊசி போடுங்கள். போடுமுன் கணக்குப் பாருங்கள்: கிலோவுக்கு அதிகபட்சம் 4.4 மி.கி. என்றால் 15 கிலோ குழந்தைக்கு 66 மி.கி., அதாவது 2% மருந்தில் மொத்தம் 3.3 மி.லி. முதல் ஊசியில் போனதும் அதில் சேர்த்தி.

கை தூக்கியும் நிறுத்தாத டாக்டரைக் குழந்தை மறக்காது. அடுத்த முறை கண்ணாடியைக் கூட வாய்க்குள் விடாது. சேரில் உட்கார்ந்தே முடித்திருக்க வேண்டிய பல்லுக்காக அந்தக் குடும்பம் முழு மயக்கத்துக்குப் பணம் புரட்ட வேண்டி வரும். ஐந்து நிமிடம் மிச்சம் பிடித்ததற்கு இந்த விலை.

பக்கத்தில் நிற்கும் அம்மா

சின்னக் குழந்தை என்றால் இருக்கட்டும். "அழுதா டாக்டர் ஊசி போட்டுடுவாங்க" என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவு 7 மணி அப்பாயின்ட்மென்ட்

வேண்டாம்.

உதட்டை மறப்பது

சிகிச்சை முடிந்தும் இரண்டு மூன்று மணி நேரம் உதடு மரத்தே இருக்கும். முறுக்கு மாதிரி எதையும் கொடுக்கக் கூடாது, உதட்டைக் கடிக்கிறானா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்புங்கள். சொல்லாவிட்டால் மறுநாள் வீங்கிய உதடும் அதன் மேல் வெள்ளைப் படலமுமாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதைப் பார்த்துச் சீழ் என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் எழுதிவிடாதீர்கள். அது கடித்த புண்.