முன்வரிசையும் ஒலிபெருக்கியும்: வயதான காதுகள் குறித்து நாம் செய்யும் தவறுகள்

சென்ற ஆவணியில் கொழும்பில் ஒரு திருமணத்திற்கு என் தாயாரை அழைத்துச் சென்றிருந்தேன். வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண், "அம்மா, முன்னுக்கு வந்து இருங்கோ" என்று கையைப் பிடித்து அவரை முதல் வரிசையில் அமர்த்தினார். அந்த நாற்காலியிலிருந்து இரண்டு எட்டுத் தூரத்தில் ஸ்பீக்கர் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. கெட்டிமேளம் எழுந்தபோது அம்மா தோளைக் குறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு காது மெஷினை மெல்லக் கழற்றி, லேஞ்சியின் மூலையில் முடிந்து, கைப்பைக்குள் வைத்துவிட்டார். அதன் பின்னர் யார் வந்து பேசினாலும் "ஓம், ஓம்" என்று தலையசைத்துச் சிரித்தார். அவருக்கு எதுவுமே விளங்கவில்லை என்பதை வீடு திரும்பும் வழியில்தான் நான் அறிந்தேன்.

அன்று யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. மூத்தவரை முன்னால் அமர்த்துவது நம் மரியாதை. கேட்காததைக் காட்டிக்கொள்ளாமல் சிரிப்பது அவருடைய நாகரிகம். நல்லெண்ணத்தால் விளையும் தவறுகளை எவரும் தவறென்று எண்ணாததால், அவை அடுத்த திருமணத்திலும் அப்படியே நடக்கின்றன.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, காது மந்தமானவருக்குச் சத்தம் உறைக்காது என்ற நம்பிக்கை. உண்மை வேறு. உட்செவியிலுள்ள நத்தைச்சுருளில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் உள்ளன. வயது ஏற ஏற அவற்றுள் கூர்மையான, உயர்ந்த ஒலிகளை உணரும் கலங்களே முதலில் அழிகின்றன. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்தும் பலமாகவும் ஒலிக்க, மெய்யொலிகள் பெரும்பாலும் மெலிந்தும் கூர்மையாகவும் ஒலிப்பதால், வயதானவருக்குக் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. காசு, காது, காடு ஆகிய மூன்று சொற்களையும் பிரிப்பது நடுவிலுள்ள ஒரேயொரு மெய்தான். இரைச்சல் அதை விழுங்கிவிட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும். இதோடு இன்னொன்றும் நிகழ்கிறது. மெல்லிய ஒலிகள் கேட்காமற்போனாலும், பலத்த ஒலிகள் பழைய பலத்தோடே உறைப்பதால், கேட்பதற்கும் நோவதற்கும் இடையிலுள்ள வெளி சுருங்கிவிடுகிறது. "கொஞ்சம் பலமாகச் சொல்" என்ற அதே தாய் அடுத்த நிமிடம் "ஏன் கத்துறாய்?" என்று கேட்பது முரண்பாடு அல்ல. இரண்டுமே உண்மை.

ஆகவே காதருகில் குனிந்து கத்துவது பயன் தருவதில்லை. கத்தும்போது உயிரொலிகளே பெருகுகின்றன, மெய்யொலிகள் அவற்றில் அமிழ்ந்துவிடுகின்றன. வாயும் கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. முகத்தில் வெளிச்சம் விழும்படி எதிரே நின்று, வழக்கத்தைவிடச் சற்று நிதானமாகப் பேச வேண்டும். ஒரு வசனம் இருமுறை விளங்காவிட்டால் அதையே மூன்றாம் முறை சொல்லாமல் வேறு சொற்களில் சொல்ல வேண்டும்.

இருக்கையைத் தெரிவு செய்யாமல், காட்டிய இடத்தில் அமர்ந்துவிடுவதை நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். மண்டபத்திற்குள் சுவர்கள் எதிரொலிப்பதால் அந்த அளவுக்குக் குறையாது என்றாலும், பெட்டிக்கு நேரே இரண்டு மீற்றரில் இருப்பதற்கும் பக்கவாட்டில் எட்டு மீற்றரில் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எவரும் உணரலாம். அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் ஒருவர் 8 மணிநேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைந்து, 100 டெசிபலில் 15 நிமிடமாகிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022 இல் கேளிக்கை அரங்குகளுக்கு வகுத்த நியமமும், 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பதோடு, காதுக்கு ஓய்வு கொடுக்க அமைதியான ஓர் இடமும் இருக்க வேண்டும் என்கிறது. அளக்கும் கருவி இல்லாதவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு: கைநீட்டும் தூரத்தில் நிற்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், அந்த இடம் நீண்ட நேரம் இருக்கத் தக்கதன்று. நாதஸ்வரமும் தவிலும் கோயில் வீதிக்காகப் பிறந்த வாத்தியங்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கதவடைத்த குளிரூட்டி மண்டபத்தினுள் அவற்றின் முன் மைக் வைக்கத் தேவையே இல்லை.

காதில் பஞ்சு வைப்பது நம்மிடையே பழகிப்போன வழக்கம். பஞ்சு ஒலியை மிகக் கொஞ்சமாகவே தடுக்கும்; தடுப்பதும் பெரும்பாலும் கூர்மையான ஒலிகளைத்தான். ஏற்கெனவே மங்கிய மெய்யொலிகள் மேலும் மங்க, மேளத்தின் அதிர்வு மட்டும் அப்படியே உள்ளே வரும். அதைவிட, எல்லா ஒலிகளையும் ஏறக்குறையச் சமமாகக் குறைக்கும்படி இசைக்கலைஞர்களுக்காகச் செய்யப்படும் காதடைப்பான்கள் நல்லவை. ஆனால் அவற்றையும் வீட்டிலும் கடைத்தெருவிலும் நாள் முழுவதும் அணியக்கூடாது. அமைதிக்கே பழகிய காது சாதாரண ஒலிக்கும் கூசத் தொடங்கிவிடும்.

காது மெஷின் விடயத்தில் தவறுகள் இரண்டு. ஒன்று, பல ஆண்டுகள் தள்ளிப்போட்டுவிட்டு, வாங்கிய மறுநாளே சனநெரிசலில் எல்லாம் தெளிவாகக் கேட்கும் என்று எதிர்பார்ப்பது. மூளை அந்தப் புதிய ஒலிக்குப் பழகச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். முதலில் வீட்டில், பிறகு இரண்டு பேரோடு, அதன் பிறகுதான் கூட்டத்தில் அணிந்து பழக வேண்டும். மற்றது, என் தாயார் செய்தது போல, இரைச்சல் வந்ததும் கழற்றிவிடுவது. இக்காலக் கருவிகள் பலவற்றில் முன்னாலிருந்து வரும் பேச்சைக் கூட்டிப் பின்னாலிருந்து வரும் ஒலியைக் குறைக்கும் அமைப்பு இருக்கிறது. அது வேலை செய்ய வேண்டுமானால் இரைச்சல் முதுகுக்குப் பின்னும், பேசுபவர் முகத்துக்கு நேரேயும் இருக்கும்படி அமர வேண்டும். இதை விற்பவரே முதல் நாளில் சொல்லித்தர வேண்டும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

காலி வீதியில், வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ இரவு எட்டு மணிக்கு ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். வாசலிலேயே கொத்து ரொட்டிக் கல், அதன் மேல் இரண்டு தகடுகள் மாறி மாறி அடிக்கும் தாளம். உள்ளே மாபிள் தரை, கண்ணாடிச் சுவர், தொலைக்காட்சி. வெளியே பஸ்களின் ஹோர்ன். இரைச்சல் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவர் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்ட் 1911 இல் எடுத்துக்காட்டினார். ஒரு மேசை குரலை உயர்த்த, அடுத்த மேசையும் உயர்த்த, அரை மணிநேரத்தில் கடையே கூச்சலாகிவிடுகிறது. அந்த நேரத்தில் அங்கு சென்று, பெற்றோருக்குப் பேச்சில் அக்கறையில்லை என்று வருந்துவது நம் பிழை. மதியச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு மணிக்கு முன்னரே போனால் பாதிப் பிரச்சினை தீரும்; கல்லுக்கும் சமையலறைக் கதவுக்கும் தொலைவில் ஒரு மூலை மேசையைக் கேட்டு வாங்கினால் மீதியிலும் பெரும் பகுதி தீரும்.

கொழும்பில் வாழும் தமிழ் முதியவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. வைத்தியசாலையிலும் வங்கியிலும் இலக்கங்கள் பெரும்பாலும் சிங்களத்தில் அழைக்கப்படுகின்றன. "விசி பஹ", "விசி ஹய", "விசி ஹத" என்பவை 25, 26, 27. மின்விசிறியும் குழந்தைகளின் அழுகையும் நிறைந்த கூடத்தில் அந்தக் கடைசி மெய் கேட்காவிட்டால் முறை தவறிவிடும். தாய்மொழியில் விடுபட்ட ஒலியை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். பின்னர் கற்ற மொழியில் அது அவ்வளவு எளிதாக நடப்பதில்லை. காதை நம்பிப் பின்வரிசையில் காத்திருப்பதுதான் இங்கே தவறு. அழைப்பவரின் வாய் தெரியும் இடத்தில் அமர்ந்து, இலக்கத் துண்டைக் காட்டி, "காது கேட்பது குறைவு, என் முறை வந்தால் கைகாட்டுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

சொல்லிவைப்பதில்தான் நம்மவர்கள் தயங்குகிறார்கள். கண்ணாடி அணிய வெட்கப்படாதவர்கள் காதைப் பற்றி வாய் திறப்பதில்லை. சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பதும் பயனற்றது. 1996 இல் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வந்தன, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்தி உயர் நீதிமன்றம் 2007 இல் தீர்ப்பும் அளித்தது; எனினும் பகல் முகூர்த்தத்தில் மண்டபத்துக்குள் ஒலிக்கும் ஸ்பீக்கரைக் குறைக்கத் திருமண வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும். அதையும் சடங்கு நடக்கும்போது ஸ்பீக்கரை இயக்குபவரிடம் அல்ல, முதல் நாளே வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும்.

"எனக்கு இந்த இடங்கள் சரிவராது, நான் வீட்டிலேயே இருக்கிறேன்" என்று அவர்கள் ஒதுங்குவதையும், நாமும் அதை நிம்மதியோடு ஏற்றுக்கொள்வதையும் எண்ணும்போது எனக்கு உண்மையாகவே அச்சமாக இருக்கிறது. 60 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் கேட்டல் குறைபாடு உள்ளது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மறதிநோய்க்கு வழிவகுக்கும், ஆனால் மாற்றியமைக்கக்கூடிய காரணிகளுள் ஒன்றாகக் கேட்டல் இழப்பை லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2020 இலும் 2024 இலும் பட்டியலிட்டது. அதனால் செவிப்புலன் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். சில வேளை குறும்பி அடைத்திருப்பதே காரணமாக இருக்கலாம். அதையும் பஞ்சுக்குச்சியால் உள்ளே தள்ளாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். ஒரு காது திடீரென ஒரே நாளில் கேட்காமற்போனால் அதை வயது என்று எண்ணிவிடாமல் அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை வைத்திய நிபுணரைக் காண வேண்டும். தாமதித்தால் சிகிச்சை பலிக்கும் வாய்ப்புக் குறையும்.

தை மாதத்தில் மறுபடியும் ஒரு திருமணம் வந்தது. முதல் நாளே பெண்ணின் தகப்பனாரோடு தொலைபேசியில் பேசி, ஐந்தாம் வரிசையில் ஓரமாக ஓர் இருக்கை கேட்டுக்கொண்டோம். மேளம் உச்சத்தில் இருந்த நேரம் அம்மாவை வெளி விறாந்தைக்கு அழைத்துச் சென்று, கால் மணிநேரம் கழித்துத் திரும்பினோம். சாப்பாட்டுக்குப் பிறகு மணப்பெண் அவர் எதிரே குந்தியிருந்து, தாங்கள் குடியிருக்கப்போகும் ஊரைச் சொன்னாள். அம்மா தலையசைக்கவில்லை.

"கண்டியோ பிள்ளை, கனடாவோ?" என்று கேட்டார்.

"கண்டிதான் ஆச்சி."