பிஎம்எக்ஸ் சாகசக் காட்சிக்குச் சரிவுமேடை அமைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முந்தைய ஊரில் குறித்து வைத்த அளவுகளை வேலூரிலும் அப்படியே பயன்படுத்துவதுதான், ஊர் ஊராகச் செல்லும் பிஎம்எக்ஸ் (சாகசத்துக்கான சிறு மிதிவண்டி) குழுவினர் செய்யக்கூடிய தவறுகளில் மிகவும் ஆபத்தானது. வீரர் ஏறிப் பறக்கும் ஏறு மேடைக்கும் வந்து இறங்கும் இறங்கு மேடைக்கும் எத்தனை அடி இடைவெளி விடலாம் என்பது வீரரின் வேகத்தைப் பொறுத்தது. அந்த வேகமோ ஓட்டப்பாதையின் தரையைப் பொறுத்தது. சிமெண்டுத் தளத்தில் கிடைத்த வேகம் பள்ளி மைதானத்துச் செம்மண்ணில் கிடைக்காது. பாலாற்றையொட்டிய மணற்பாங்கான திடலில் இன்னும் குறையும். சக்கரத்தின் விட்டம் 20 அங்குலம்தான் என்பதால் சிறு பள்ளம்கூட வண்டியைப் பிடித்து நிறுத்தும். வேகம் 10 விழுக்காடு குறைந்தால் பறக்கும் தூரம் ஏறக்குறைய 19 விழுக்காடு குறையும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவே பாதைக்குத் தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி இறுக்கி, அது காய்ந்த பிறகு, இரு மேடைகளையும் ஒட்டி வைத்து ஏறி இறங்கிப் பார்த்து, நடுவில் பலகை மூடிய நிலையிலேயே சிறிது சிறிதாக விலக்கி அன்றைய இடைவெளியை முடிவு செய்ய வேண்டும்.

தரை சாய்ந்திருந்தால் மேடைக்கு அடியில் செங்கல்லைச் செருகுவது அடுத்த தவறு. வீரர் வந்து இறங்கும் அதிர்ச்சியில் செங்கல் நொறுங்கும். அகலமான மரக்கட்டைகளே தாங்கும். ரசமட்டம் ஒவ்வொரு மேடையின் சாய்வை மட்டுமே காட்டும் என்பதால், இரண்டின் உயரத்தையும் ஒப்பிடக் கொத்தனாரின் நீர் நிரப்பிய டியூப் மட்டத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. லாரிப் பயணத்தில் தளர்ந்த போல்ட்டுகளை முடுக்குவதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

மாலைக் காட்சியில் ஓட்டப்பாதை மேற்கு நோக்கி இருந்தால் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். விருந்தினர் மேடை எங்கே இருந்தாலும் பாதை வடக்கு தெற்காகவே அமையட்டும். விழாக் குழுவினர் சீரியல் விளக்கும் தோரணமும் கட்டாமல் விடமாட்டார்கள் என்பதால், வீரர் எழும்பும் உயரத்தை அவர்களிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். இறங்கு மேடைக்கு அப்பால், வேகம் அடங்கும் தூரம் முழுவதும் கூட்டத்தைத் தடுக்க வெறும் கயிறு போதாது. சவுக்குக் கம்புகளை நட்டுத் தடுப்பு கட்ட வேண்டும்.

கோடை மழை திடீரென இறங்கும் ஊர் என்பதால் இரவில் மேடைகளைத் தார்ப்பாயால் மூடாமல் விடக்கூடாது. ஓரங்களில் நீர் புகுந்த ப்ளைவுட் உப்பி, பலகைகள் சேருமிடத்தில் படி போல எழும்பும். அந்தப் பலகையை இழைத்துச் சமாளிக்காமல் மாற்றிவிட வேண்டும்.