1923 சட்டத்தின் கோப்புகள் கிடைத்த வழி

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியபோது பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது, அவ்வளவுதான். போதனைக்கும் ஆய்வுக்கும் இடம் தந்து அதைத் திருத்தியமைத்தது 1923-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் பின்னணியைத் தேடித்தான் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போனேன்.

கல்வித் துறை அரசாணைகளின் அட்டவணைத் தொகுதிகளைப் புரட்டினேன். 1910கள் வரை எல்லாம் சரியாக வந்தது. 1920களுக்கு வந்ததும் தொடர்ச்சி அறுந்துவிட்டது. பழைய ஆய்வேடு ஒன்றின் அடிக்குறிப்புதான் காப்பாற்றியது: இரட்டையாட்சிக் காலத்தில் (கல்வி போன்ற சில துறைகள் மட்டும் இந்திய அமைச்சர்களிடம் இருந்த காலம்) கல்வி அரசாணைகள் 'சட்டம் - கல்வி' என்ற தொடரில் இருந்தன! துறையின் பெயரை மாற்றிக் கேட்டேன், கட்டுகள் வந்தன.

அப்புறம் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் சென்னை மாகாண அரசின் இதழான புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழில் மசோதா வெளியான தேதி. அதை வைத்துச் சட்டமன்ற விவாதங்கள். அப்போது கல்வி அமைச்சர் ஏ.பி. பாத்ரோ. கடைசியாகத்தான் அரசாணை. மாதம் தெரிந்துவிட்டால் அட்டவணையில் தேடுவது பெரிய வேலையில்லை.

பல்கலைக்கழகக் கேலண்டர்களும், அதாவது பல்கலைக்கழகம் வெளியிட்ட விவரக் கையேடுகளும், உதவும். விதிகள், பாடத்திட்டம், செனட் என்ற பல்கலைக்கழகப் பேரவையின் உறுப்பினர் பெயர்கள் எல்லாம் இருக்கும்; ஆனால் யார் யாரோடு மோதினார்கள் என்பது மருந்துக்கும் இருக்காது. அதற்கு விவாதங்கள்தான் கதி.

1926-இல் உருவான ஆந்திரப் பல்கலைக்கழகத்தைப் பற்றித் தேடுபவர்களும் இதே 'சட்டம் - கல்வி' தொடரிலிருந்து தொடங்கலாம்.