பழைய எயார் கன் சந்தைக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

எங்கள் மட்டக்களப்புப் புளியந்தீவு வீட்டில் தையல் மெசின் லாச்சிக்குள் ஒரு தகரப் பேணி கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டப் பேணி. அம்மா அதற்குள் சட்டைப் பொத்தான்களைப் போட்டு வைத்திருந்தார். மூடியில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோய் ‘நம்பர் 2’ என்பது மட்டும் மிச்சம். அது அம்மப்பாவின் எயார் ரைபிளுக்கு, அதாவது காற்றுத் துப்பாக்கிக்கு, ஈயச் சன்னம் வந்த பேணி என்பது எனக்கே பெரிய வயதில்தான் தெரியும்.

படுவான்கரை வயலில் கிளி கலைக்க வைத்திருந்த அந்த ரைபிளை, 80களில் இனப்பிரச்சினை முற்றியபோது அம்மப்பாவே கொண்டுபோய்ப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டார். மிஞ்சியது இந்தப் பேணி, ஒரு மங்கல் போட்டோ, ‘அது டயானா’ என்று கம்பனிப் பெயர் சொல்லும் வீட்டுப் பேச்சு. அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் இருக்கும் மச்சானிடம் இரண்டு தடவை போய் வந்தேன். இரண்டு தடவையும் பழைய எயார் கன் சேகரிக்கிறவர்களின் சந்தை ஒன்றுக்கு என்னைக் கூட்டிப்போனார். முதல் தடவை சும்மா போனேன். கால் நோவோடு சும்மாவே திரும்பினேன். இரண்டாம் தடவை பேணியோடு போனேன். பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகிற நம் ஊர்க்காரர்களில் இப்படிப்பட்ட பழசுகளில் ஆசை உள்ளவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக நான் பிந்திக் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. வேலை வீட்டில் தொடங்குகிறது

சந்தைக்குப் போகுமுன் ஒரு கேள்வியைத் தயார் பண்ணுங்கள். ஒன்றே ஒன்று. என்னுடையது: அம்மப்பாவின் துப்பாக்கி எது?

வீட்டுப் பெரியவர்களிடம் பெயரைக் கேட்காதீர்கள். பெயர் மறந்துபோகும், மாறிப்போகும். கை மறக்காது. ‘எப்படிச் சன்னம் போட்டார், செய்து காட்டுங்கள்’ என்று கேளுங்கள். நான் கேட்டபோது அம்மா கதிரையிலிருந்து எழும்பி, விளக்குமாறை இடது கையில் பிடித்து, அடிக்கட்டையைத் தொடையில் ஊன்றி, வலது கையால் கீழே எதையோ இழுத்துத் திருப்பி மூடினார். அப்புறம் மேல்பக்கம் சுட்டுவிரலால் தொட்டு, “இதுக்குள்ள ஒரு சின்னக் குழி. சன்னத்தைப் போட்டு, பைப்பைப் பூட்டுற மாதிரித் திருகுவார்” என்றார். அந்த அரை நிமிடம் எவ்வளவு பெறுமதியானது என்பது சந்தையில் விற்கிறவரின் மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் விளங்கியது.

பழைய போட்டோ இருந்தால் அதைப் பகல் வெளிச்சத்தில் போன் கமராவால் படம் எடுங்கள். துப்பாக்கி தெரியும் பகுதியை மட்டும் கிட்டவாக இன்னொன்று.

2. சட்ட விஷயம்

இங்கிலாந்தில் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு எயார் கன் விற்க முடியாது. வியாபாரி நேருக்கு நேர்தான் கைமாற்ற வேண்டும். ரைபிளின் வலு 12 அடி-இறாத்தலுக்கு (சன்னத்தின் சக்தியை அளக்கும் அலகு) மேல் போனால் துப்பாக்கிச் சான்றிதழ் வேண்டும். ஸ்கொட்லாந்தில் 2016ஆம் ஆண்டுக் கடைசியிலிருந்து சாதாரண எயார் கன்னுக்கே சான்றிதழ் கேட்பார்கள்.

இதெல்லாம் அங்கே இருக்கிறவர்களுக்கு. விசிட் விசாவில் போகிற நமக்கு ஒரே முடிவு: துப்பாக்கியோ, அதன் பாகமோ, சன்னமோ நம் பெட்டிக்குள் ஏறக்கூடாது. இலங்கையில் துப்பாக்கி அனுமதி பாதுகாப்பு அமைச்சின் கையில் இருக்கிற விஷயம். அதில் ‘இது வெறும் காற்றுத் துப்பாக்கிதானே’ என்று வாதாடிப் பார்க்க விமான நிலையம் நல்ல இடமில்லை. நான் பேணியைக் கொண்டுபோனபோதும் கழுவித் துடைத்து, உள்ளே பொத்தான்களோடுதான் கொண்டுபோனேன்.

3. பைக்குள் என்ன வேண்டும்

ஒரு பூதக்கண்ணாடி, ஒரு சின்னக் காந்தம், பருத்தித் துணி, கொப்பி, பேனை, சில்லறையாக மாற்றிய காசு. மேசைக்காரர்களில் பலர் வயதானவர்கள். கார்ட்டை நீட்டினால் முகம் சுளிப்பார்கள். காந்தம் எதற்கென்றால், உருக்கா அலுமினியக் கலவையா என்று தெரியாத இடத்தில் அது சொல்லும். ஆனால் உரியவரைக் கேட்காமல் காந்தத்தை வெளியே எடுக்காதீர்கள்.

4. முதல் சுற்றில் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்

உள்ளே போனதும் வரிசை வரிசையாக மேசைகள். எண்ணெய் மணம், பழைய மரத்தின் மணம். கல்முனைச் சந்தை மாதிரிக் கூவி அழைப்பது கிடையாது. எல்லோரும் தணிந்த குரலில் பேசுவார்கள். முழு மண்டபத்தையும் ஒரு தடவை சுற்றுங்கள். எந்த மேசையில் என்ன இருக்கிறது என்று மட்டும் குறியுங்கள்.

துப்பாக்கியை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் பாதிச் சந்தையைத் தவறவிடுவீர்கள். பழைய விலைப்பட்டியல், விளம்பரத் தாள், மட்டைப் பெட்டி, சன்னப் பேணி எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். மணி இலக்கு என்று ஓர் இரும்புத் தகட்டைப் பார்த்தேன்: நடுவில் ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு அகலமுள்ள ஓட்டை, பின்னால் மணி. ஓட்டைக்குள்ளால் சன்னம் போனால் மணி அடிக்கும். பர்மிங்காம் பக்கத்து மதுச்சாலைகளில் அணி அணியாகப் பிரிந்து இதைச் சுட்டிருக்கிறார்கள். நம் கார்னிவலில் பலூன் சுடுகிற ஸ்டோல் ஞாபகம் வந்தது. பலூன்காரன் குறிகாட்டியை வளைத்து வைத்திருப்பான், அதுதான் வித்தியாசம்.

5. கையில் எடுக்கும் முறை

இந்தப் படியில் அவசரப்படவேண்டாம்.

முதலில் கேளுங்கள். எடுத்ததும் குழல் வாயை நிலத்துக்கோ கூரைக்கோ காட்டுங்கள். எதிரே ஆள் நடமாட்டம் எப்போதும் இருக்கும். விசையில் விரல் வேண்டாம். திருப்பி வைக்குமுன் இரும்பில் உங்கள் கை பட்ட இடத்தைத் துணியால் துடையுங்கள். வியர்வை பட்ட இடத்தில் துரு ஏறும். மட்டக்களப்பில் வாவிக்காற்றும் உப்புக்காற்றும் பட்டு யன்னல் கம்பி என்ன ஆகிறது என்று தெரிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான் துடைத்து வைத்த பிறகுதான் அந்த மேசைக்காரர் என்னோடு பேசவே தொடங்கினார்.

மடக்கிப் பார்ப்பதற்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும். காரணம் இருக்கிறது. பழைய எயார் ரைபிள்களில் பெரும்பாலானவை சைக்கிள் பம்ப் மாதிரி. உள்ளே சுருள் ஸ்பிரிங். அதன் முன்னால் பிஸ்டன். பிஸ்டன் தலையில் தோல் வாசர். மடக்கும்போது ஸ்பிரிங் இறுகும், விசையைத் தட்டினால் பிஸ்டன் பாய்ந்து காற்றை நெருக்கிச் சன்னத்தைத் தள்ளும். சன்னம் இல்லாமல் தட்டினால் பிஸ்டனைத் தாங்க முன்னால் காற்று மெத்தை போதாது. இரும்பில் இரும்பு மோதும். குழலையே மடக்குகிற வகையை மடக்கிய நிலையில் பிடித்துக்கொண்டு விசையைத் தட்டினால் குழல் மேலே அடிக்கும். விரல் போகலாம், மரக்கட்டை வெடிக்கலாம். தோல் காய்ந்துவிட்டால் பம்ப் காற்று விடுகிற மாதிரி வலு இறங்கும். அதற்காக எண்ணெயை ஊற்றினால் அது நெருங்கிய காற்றின் சூட்டில் டீசல் எஞ்சினில் போலப் பற்றி வெடிச்சத்தம் கேட்கும். இரண்டு துளி போதும் என்பார்கள்.

6. துப்பாக்கியை வாசிப்பது

இரும்பில் என்ன வெட்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள், பெயரை மட்டுமில்லை, ஊரையும். பெயர் ஏமாற்றும். டயானா ஜெர்மனியின் ராஸ்டாட் நகரத்துச் சாமான். 1890இல் தொடங்கிய கம்பனி. வில்லை எறிந்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கிப் பிடிக்கும் தேவதைதான் முத்திரை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதன் மெசின்களும் பெயரும் ஸ்கொட்லாந்துக்குப் போய், மில்ப்ரோ என்ற கம்பனி அங்கே டயானா செய்தது. அதனால் ராஸ்டாட்டில் செய்ததையே பிரித்தானியாவில் ‘ஒரிஜினல்’ என்ற பெயரில் விற்றார்கள். ஒரே பெயருக்கு இரண்டு ஊர்!

பிஎஸ்ஏ என்ற துப்பாக்கிக் கம்பனியின் ஊர் பர்மிங்காம். மூன்று ரைபிள்களைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்திய முத்திரை. லிங்கன் ஜெஃப்ரிஸ் என்பவரின் வடிவமைப்பை வைத்து 1905இல் எயார் ரைபிள் செய்யத் தொடங்கினார்கள். குழல் மடங்காது, குழலுக்கு அடியில் இருக்கும் நெம்பை (லீவரை) இழுக்க வேண்டும். தொடர் இலக்கத்துக்கு முன்னால் எழுத்து இருந்தால் அதையும் குறியுங்கள். மாதிரியைக் கண்டுபிடிக்க உதவும். வெப்லி என்ற இன்னொரு இங்கிலாந்துக் கம்பனி 1924இல் எயார் பிஸ்டலோடு வந்தது. அமெரிக்காவின் டெய்சியைப் பார்த்தால் சிரிப்பு வரும்: மிச்சிகனில் காற்றாலை செய்த கம்பனி, ஆலை வாங்குகிற விவசாயிக்கு இனாமாகக் கொடுத்த துப்பாக்கி அது. கடைசியில் ஆலையை விட்டுவிட்டு 1895இல் கம்பனியின் பெயரையே டெய்சி என்று மாற்றிக்கொண்டார்கள்.

பிறகு நிலைமை. மரக்கட்டையின் ஒடுங்கிய கழுத்தில் வெடிப்பு, திருகாணித் தலையில் சிதைவு, இரும்பில் பள்ளம். புதுசாகப் பளபளக்கிறதா? சந்தேகப்படுங்கள். தேய்ந்த பழைய நீலமுலாம்தான் சேகரிக்கிறவனுக்குப் பொன். மறுபடி பூசியது விலையைக் குறைக்கும். கோயில் விக்கிரகத்துக்கு எனமல் பெயின்ற் அடித்தால் நமக்கு எப்படி இருக்கும், அது மாதிரி.

7. கேள்வியை மேசையில் வையுங்கள்

காலையில் கேட்காதீர்கள், வியாபார நேரம். கடைசி ஒரு மணித்தியாலம், சாமான் அடுக்கத் தொடங்குமுன், அதுதான் பேச்சுக்கு நேரம்.

நான் பேணியை ஒரு வயதான மேசைக்காரரின் முன்னால் வைத்தேன். கிழவர் மூடியைத் திறந்து பொத்தான்களைப் பார்த்துச் சிரித்தார். தன் மனைவியும் இப்படித்தானாம். நம்பர் 2 என்றால் குழல் அளவு புள்ளி 22 அங்குலம். நம்பர் 1 புள்ளி 177. அப்புறம் போட்டோ. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் போனை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். குழலுக்கு அடியில் ஈர்க்கில் மாதிரி ஒரு கோடு. நெம்பு. நான் அம்மா செய்து காட்டியதைச் செய்து காட்டினேன், விளக்குமாறுக்குப் பதில் மச்சானின் குடையை வைத்து. திருகிய இடத்துக்கு வந்ததும் கிழவர் குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு நீளமான துணிப் பொதியை எடுத்தார்.

போருக்கு முந்திய பிஎஸ்ஏ. நினைத்ததைவிடப் பாரம். மேலே சின்னக் குழி, பக்கத்தில் விரல் நுனி அளவு பிடி. திருப்பினேன், உள்ளே உருளை தண்ணீர் டெப் மாதிரியே சுழன்று குழி மூடிக்கொண்டது. 1948இல் வந்த எயார்ஸ்போர்ட்டர் என்ற பிஎஸ்ஏ மாடலில் நெம்பை இழுக்கும்போது இது தானாகவே திறக்கும், கையால் திருப்பியது என்றால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும் என்றார் அவர். உடனேயே கையை உயர்த்தி, டயானாவும் அடிநெம்பு வகை செய்திருக்கிறது, போட்டோவை மட்டும் வைத்துச் சத்தியம் பண்ணமாட்டேன் என்றார். அவரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். எல்லாம் தெரிந்த மாதிரி உடனே பதில் சொல்கிற மேசையில் பூதக்கண்ணாடியை நன்றாகப் பாவியுங்கள்.

வாங்கியது ஒரு பழைய பிஎஸ்ஏ விளம்பரத் தாள் மட்டும். பெட்டியில் ஒரு பாரமும் இல்லை.

8. அன்றிரவே எழுதுங்கள்

காரில் வரும்போதே கொப்பியை எடுங்கள். எந்த மேசை, என்ன சொன்னார், எதில் உறுதி, எதில் சந்தேகம். நாளைக்கு என்று விட்டால் இரண்டு மேசைக்காரர்களும் ஒரே ஆளாகிவிடுவார்கள். வீட்டாருக்குச் சொல்லும்போதும் கொப்பியைப் பார்த்தே சொல்லுங்கள்.

நான் அப்படித்தான் சொன்னேன். அம்மா விளம்பரத் தாளில் இருந்த நெம்பையும் குழியையும் விரலால் தடவிப் பார்த்தார். “ஓம், இதேதான்” என்றார். பேணியை வாங்கிக் குலுக்கி, பொத்தான் குறையவில்லை என்று பார்த்து, லாச்சிக்குள் வைத்து மூடினார்.

“ஆனா மகன், அது டயானாதான்.”