நாயை வழியனுப்பும் நேரத்தில் செய்யக்கூடாத தவறுகள்

"சாப்பிடுறானே, அப்போ நல்லாத்தான் இருக்கான்." எங்கள் வீட்டு நாயின் கடைசி மாதத்தில் தினமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். பின்னங்கால் இரண்டும் தூக்க முடியாமல் போய்விட்டன. ஆனாலும் பிஸ்கட்டை நீட்டினால் வாங்கிக்கொள்வான், வால் நுனி மட்டும் லேசாக ஆடும். அந்த நுனியை நம்பியே மூன்று வாரம் ஓட்டினோம். ராத்திரி முழுக்க மூச்சிரைத்ததை வயசுக் கோளாறு என்று நினைத்துவிட்டோம்.

வலித்தால் கத்தும் என்று எதிர்பார்ப்பதுதான் பெரிய தவறு. நாள்பட்ட வலியை நாய்கள் பெரும்பாலும் சத்தமில்லாமல் தாங்கிக்கொள்ளும். ஓய்வாக இருக்கும்போதே மூச்சிரைப்பது, படுக்க முடியாமல் தவிப்பது, ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருப்பது, தொட்டால் ஒதுங்குவது எல்லாமே வலியின் அடையாளமாக இருக்கலாம். அதற்காக வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலையோ இபுப்ரோஃபெனையோ நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அவை நஞ்சாகிவிடலாம். வலிக்கான மருந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

இனி தேறாது என்ற நிலையில் தவிக்கும் நாயை மருத்துவர் ஊசி போட்டு வலியில்லாமல் வழியனுப்புவதுண்டு. "அதற்கான நேரம் வந்தால் அதுவே சொல்லும்" என்று காத்திருப்பதும் சரியில்லை. ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடை மருத்துவர் இதற்கென்றே ஒரு அளவுகோல் வகுத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண், நிலைமை நன்றாக இருந்தால் அதிகம். கூட்டினால் 35-க்கு மேல் வரவேண்டும், அப்போதுதான் அதன் வாழ்க்கை ஓரளவு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் ஆளாளுக்குத் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். நான் போட்டதற்கும் என் மகள் போட்டதற்கும் இருந்த வித்தியாசத்தில்தான் எனக்குக் கண் திறந்தது.

அந்தக் கடைசி ஊசி போடும்போது என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கேட்காமல் போகாதீர்கள். வழக்கமாக முதலில் மயக்க ஊசி, அப்புறம் பென்டோபார்பிட்டால். இது மயக்க மருந்து வகைதான், அளவு மட்டும் மிக அதிகம். சில நொடிகளில் நினைவு போய்விடும், சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். பெரும்பாலும் கண் மூடாது. உயிர் போன பிறகும் ஒரு பெருமூச்சு வரலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் பிரியலாம். தெரியாமல் நின்றால் இன்னும் உயிர் இருக்கிறதோ என்று பதறிவிடுவீர்கள். தாங்கும் தெம்பு இருந்தால் பக்கத்திலேயே இருங்கள். தெரிந்த கை தலையில் இருக்கட்டும்.

சின்னப் பிள்ளைகளிடம் "தூங்கிடுச்சு", "ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்லாதீர்கள். தூங்கவே பயப்படுவார்கள், இல்லையென்றால் வாசலில் காத்துக் கிடப்பார்கள். செத்துவிட்டது, இனி வராது என்று மடியில் உட்காரவைத்துச் சொல்லிவிடலாம்.

புதைப்பதாக இருந்தால் குழி ஆழமாக இருக்கட்டும். மருந்து உடலிலேயே தங்கியிருக்கும், தோண்டித் தின்னும் பிராணிகளும் செத்துப்போகலாம். அந்த வாரமே இன்னொரு குட்டி வாங்க ஓடவேண்டாம். பாவம், அது போனவனின் இடத்தை நிரப்பப் பிறந்ததில்லை.

அப்புறம், அதன் சாமான்களை உடனே ஒழித்துக்கட்டாதீர்கள். கண்ணில் படக்கூடாது என்று அவன் போர்வையை அன்று சாயங்காலமே துவைத்துப் போட்டேன். மறுநாள் கொடியிலிருந்து எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தால் சோப்பு வாசனைதான் அடித்தது.